மரடோனாவை யார் மறிப்பது?

1986 ஜூன் 29. மெக்சிகோவில் நண்பகலில் தொடங்கிய ஆர்ஜென்டினா - மேற்கு ஜெர்மனி இறுதியாட்டம் நமக்கு இரவு பதினொன்றரைக்கு. அப்போது நான் பள்ளி மாணவன். அட்டனை அடுத்த எங்கள் தோட்டத்தில், அரையிறுதிகள் முடிந்த நாள் முதலே, பெரட்டுக்களத்திலும் லயத்து இஸ்தோப்பிலும் ஒரே வாதம்: மரடோனாவை யார் மறிப்பது?

நிழலாக ஒருவரை ஒட்டவிட வேண்டும் என்றார் கணக்கப்பிள்ளை. அப்படியானால் மற்றவர்களுக்கு இடம் திறந்துவிடும் என்றார் கவ்வாத்து வெட்டும் இளைஞர் ஒருவர்.

இருவர் சொன்னதும் நடந்தது. பெக்கன்பவர் மத்தேயஸை ஒட்டவிட்டார். மரடோனா கோல் அடிக்கவில்லை. ஆனால் 2-2 என்றிருந்தபோது அவர் தள்ளிக்கொடுத்த பந்தில்தான் புருச்சாகா வெற்றிக் கோலை அடித்தார்.

ஆர்ஜென்டினாவைத் தம் நாடுபோல் கொண்டாடியவர்களில் பலர் நாடற்றவர்கள். 1948ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுக்குப் பிரஜாவுரிமையை மறுத்தது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் அவர்களைத் தலைக்கணக்கில் இரு நாடுகளுக்கும் பங்கிட்டது. கேட்டவர் எவருமில்லை. 1986 ஜனவரியில் மலையகமெங்கும் பிரார்த்தனைப் போராட்டம் நடந்தது. எஞ்சிய சுமார் 94,000 பேருக்குப் பிரஜாவுரிமை வழங்க அவ்வாண்டே சட்டம் வந்தது. ஆகவே அந்த ஜூனில் மத்தேயஸ் பெயரோடு விண்ணப்பப் பத்திரங்களும் பேச்சில் அடிபட்டன.

கணக்கப்பிள்ளை 1988ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை காத்திருந்தார்.