இஞ்சி காய்ந்தால் சுக்கு: ஒரு காரத்தின் வரலாறு

சுக்குக்கு மிஞ்சிய மருந்தில்லை என்பார்கள் நம் ஊரில். அந்த இஞ்சி ஒரு காலத்தில் ரோமாபுரியில் மிளகை விட அதிக விலைக்கு விற்றது என்றால் நம்புவீர்களா?

கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த பிளினி, விலை விவரத்தோடு எழுதி வைத்திருக்கிறார். ஒரு ராத்தல் கருமிளகு 4 தெனாரியஸ், இஞ்சி 6 தெனாரியஸ். இஞ்சி அரபு நாட்டில் விளைவதாகவும் அவர் எழுதினார். இடையில் இருந்த அரபு வணிகர்கள் கைமாற்றி விற்றதால் வந்த குழப்பம் அது. ஆனால் பெயர் ஊரைக் காட்டிக் கொடுத்துவிட்டது. 'ஜிஞ்சர்' என்ற சொல்லின் மூலத்தை கிரேக்கம், பிராகிருதம் என்று பின்னோக்கித் தேடிப் போனால் 'இஞ்சி வேர்' என்பதில் வந்து நிற்கும் என்பது மொழியியலாளர் பலரின் கருத்து.

அதே நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்க மருத்துவர் டயாஸ்கோரிடீஸ், இஞ்சி உடம்புக்குச் சூடு தரும், செரிமானத்துக்கு உதவும் என்றார். 14-ம் நூற்றாண்டில் கோழிக்கோட்டுக்கு வந்த இபின் பதூதா, சீனக் கப்பல்களில் மரத்தொட்டிகளில் இஞ்சி பயிரிட்டதைக் குறிப்பிடுகிறார்.

சரி, அந்தக் காரம் எங்கிருந்து வருகிறது? 1879-ல் ஆங்கிலேயர் ஜான் திரெஷ் காரப் பொருளைப் பிரித்தெடுத்து 'ஜிஞ்சரால்' என்று பெயரிட்டார். இஞ்சியைக் காய வைக்கும்போது ஜிஞ்சராலில் ஒரு பகுதி நீர் மூலக்கூறை இழந்து 'ஷோகால்' ஆகிறது. ஜப்பானிய மொழியில் இஞ்சிக்கு 'ஷோகா' என்று பெயர். ஷோகால் ஜிஞ்சராலை விடக் காரமானது. இஞ்சிக்கும் சுக்குக்கும் தனித்தனிப் பெயரும் தனித்தனிப் பயனும் வைத்த நம் வைத்தியர்கள், வேதியியல் தெரியாமலே இந்த வித்தியாசத்தைக் கவனித்திருக்கிறார்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

இந்த இரண்டுமே ஆண்டி-ஆக்ஸிடன்ட்கள். அதாவது செல்களைத் தாக்கும் நிலையற்ற மூலக்கூறுகளை அடக்குபவை. சோதனைக்குழாயில் இது நன்றாகவே நிரூபணமாகியிருக்கிறது. ஆனால் சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் சேரும் அளவு மிகக் குறைவு. ஆகவே 'புற்றுநோய் வராது, முதுமை அண்டாது' என்பதெல்லாம் விளம்பரம்தான்.

குமட்டல் விஷயம் வேறு. 1982-ல் 'லான்செட்' இதழில் வெளியான ஆய்வில், பயணத்தில் எளிதில் தலைசுற்றும் 36 மாணவர்களைச் சுழல் நாற்காலியில் உட்கார வைத்துச் சோதித்தார்கள். வழக்கமான மாத்திரை சாப்பிட்டவர்களை விட, இஞ்சித் தூள் சாப்பிட்டவர்கள் அதிக நேரம் தாக்குப்பிடித்தார்கள். பயணக் குமட்டலைப் பற்றி பின்னால் வந்த ஆய்வுகளில் சில இதை ஆதரித்தன, சில மறுத்தன. கர்ப்ப காலக் குமட்டலுக்கு இஞ்சி உதவுகிறது என்பதற்கு இன்னும் வலுவான சான்றுகள் உண்டு.

டயாஸ்கோரிடீஸ் வயிற்றுக்கு நல்லது என்று சொன்னது இரண்டாயிரம் வருடம் கழித்தும் நிற்கிறது. ஆண்டி-ஆக்ஸிடன்ட் புகழோ இன்னும் மனித உடம்பில் பரீட்சை எழுதி முடிக்கவில்லை. எனவே சுக்குக் காபி தாராளமாகக் குடிக்கலாம். இஞ்சி மாத்திரை வாங்குவதாக இருந்தால், அதிலும் ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர் என்றால், முதலில் டாக்டரைக் கேட்டுவிடுவது நல்லது.