பென்னி பிளாக்: இது எந்தப் பிளேட்?

உலகின் முதல் ஒட்டும் தபால்தலை பென்னி பிளாக். பிரிட்டனில் 1840 மே 6 முதல் செல்லுபடியானது. கறுப்பு மையில் விக்டோரியா ராணியின் பக்கவாட்டு முகம். ஓரத்தில் துளைகள் கிடையாது, கத்தரிக்கோலால் வெட்டித்தான் எடுக்கணும். நாட்டின் பெயரும் கிடையாது.

முதல் தபால்தலைன்னா ரொம்ப அரிதா இருக்கும்னு பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அச்சிட்டது 6 கோடியே 80 லட்சத்துக்கும் மேல். இன்றைக்கும் ஏலங்களில் சர்வ சாதாரணமாக வருகிறது. ஆகவே "பென்னி பிளாக் இருக்கா?" என்பது பெரிய கேள்வி இல்லை. "எந்தப் பிளேட்?" என்பதுதான் கேள்வி. மொத்தம் 11 பிளேட்கள். ஆனால் எந்தத் தபால்தலையிலும் பிளேட் எண் இல்லை. பிறகு எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு ஷீட்டில் 20 வரிசைகள், வரிசைக்கு 12, ஆக 240 தபால்தலைகள். ஏன் 240? அன்றைய கணக்கில் 12 பென்னி ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. ஒரு வரிசை ஒரு ஷில்லிங், ஒரு ஷீட் ஒரு பவுண்டு. கவுண்டரில் இருப்பவருக்குக் கணக்கு சுலபம்.

ஒவ்வொன்றின் கீழ் மூலைகளிலும் ஒரு எழுத்து இருக்கும். இடப்பக்க எழுத்து வரிசையைச் சொல்லும், வலப்பக்க எழுத்து அந்த வரிசையில் எத்தனையாவது என்று சொல்லும். 'சி–இ' என்றால் மூன்றாவது வரிசையில் ஐந்தாவது. என்னை மாதிரி புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு இது பார்த்ததுமே புரியும்: 20×12 அரே. ஆனால் இதன் நோக்கம் பாதுகாப்பு. கள்ளத் தபால்தலை அடிப்பவன் ஒன்றை மட்டும் காப்பி அடித்தால், எல்லாவற்றிலும் ஒரே எழுத்து ஜோடி வந்து மாட்டிக்கொள்வான்.

அச்சிட்ட பெர்கின்ஸ் பேகன் நிறுவனத்தின் பலமே, எல்லாப் படங்களும் அச்சு அசலாக ஒன்றுபோல வரும் என்பதுதான். முதலில் எஃகில் ஒரே ஒரு மூலப்படம் செதுக்குவார்கள். அதைக் கடினமாக்கி ஓர் உருளையில் பதிய வைப்பார்கள். அந்த உருளையையும் கடினமாக்கி, பிளேட்டில் 240 முறை அழுத்துவார்கள். 240-ம் ஒரே முகம்.

மூலை எழுத்துகள் மட்டும் இந்த வழியில் வரவில்லை. மூலப்படத்தில் அந்த இடங்கள் காலி. பிளேட் தயாரான பிறகு, ஒவ்வொரு எழுத்தையும் பஞ்ச் வைத்துச் சுத்தியலால் கையாலேயே அடித்தார்கள். பிளேட்டுக்கு 480 அடி. 11 பிளேட்டுக்கு 5,280. மனுஷன் கை தானே! ஒரு எழுத்து கட்டத்தின் நடுவில் விழும், இன்னொன்று இடது ஓரத்தை ஒட்டும், வேறொன்று லேசாகச் சாயும். 11 பிளேட்டிலும் 'சி–இ' உண்டு. ஆனால் இரண்டு எழுத்துகளும் ஒரே இடத்தில், ஒரே சாய்வில் விழுவது லேசில் நடக்காது. அதுதான் கைரேகை.

ஒப்பிட்டுப் பார்க்க, 1922-ல் சார்லஸ் நிஸன் வெளியிட்ட படங்களுடன் கூடிய ஆய்வு பெரிய உதவி. இன்று ஸ்கேன் செய்து ஒன்றின்மேல் ஒன்றாக லேயர் போட்டும் பார்க்கலாம். ஆனால் அப்படியே பொருத்தினால் சரியாக உட்காராது. ஈரக் காகிதத்தில் அச்சிட்டதால், காய்ந்தபோது ஒவ்வொரு தாளும் வேறு வேறு அளவுக்குச் சுருங்கியது. அதனால் மில்லிமீட்டர் கணக்கு உதவாது. எழுத்து தன் கட்டத்தின் கோடுகளிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்ற விகிதத்தைத்தான் பார்க்கணும்.

எழுத்து மட்டும் போதாத இடமும் உண்டு. முதல் பிளேட்டைக் கடினமாக்காமலே அச்சிட்டார்கள். சீக்கிரம் தேய்ந்தது. பிறகு உருளையை மறுபடி அழுத்திச் சரிசெய்தார்கள். இதை 1ஏ, 1பி என்று பிரிக்கிறோம். இரண்டிலும் எழுத்துகள் அதே எழுத்துகள்தான்! இங்கே கோடுகள் தேய்ந்திருக்கின்றனவா, இரட்டித்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

இதில் பணமும் இருக்கிறது. கறுப்புத் தபால்தலை மேல் குத்திய சிவப்பு முத்திரையை அழித்து மறுபடி ஒட்டுகிறார்கள் என்ற கவலையில், 1841-ல் தபால்தலையைச் சிவப்பாக்கி முத்திரையைக் கறுப்பாக்கினார்கள். 11-வது பிளேட் இந்தச் சிவப்புக்காகத் தயாரானது. கறுப்பில் அதிலிருந்து அடித்தது 700 ஷீட், அதாவது 1,68,000 தபால்தலைகள்தான். அதனால் விலை பல மடங்கு. விற்பவர் "பிளேட் 11" என்றால், அந்த வார்த்தையை நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம். மூலை எழுத்துகளை நீங்களே ஒப்பிடுங்கள், நிபுணர் சான்றிதழும் கேளுங்கள்.

எல்லாம் ஒன்றுபோல இருக்கணும் என்றுதான் அத்தனை இயந்திரங்களும் உழைத்தன. ஆனால் 180 ஆண்டுகள் கழித்து ஒரு தபால்தலையின் பிறப்பிடத்தை நமக்குக் காட்டிக்கொடுப்பது, சுத்தியல் பிடித்த ஒரு தொழிலாளியின் கை கொஞ்சம் விலகியதுதான்.