நிலவியலும் சமூகக் கல்லூரியும்

உயர்கல்வி செல்வர்க்கே உரியது என்னும் எண்ணத்தை அமெரிக்காவில் அசைத்தவை சமூகக் கல்லூரிகள். அவற்றுள் மூத்ததான ஜோலியட் கல்லூரி, 1901-இல் இல்லினாய் மாநிலத்தில் ஆறே மாணவர்களுடன் தொடங்கியது. 1947-இல் அதிபர் ட்ரூமன் அமைத்த குழு, இத்தகைய கல்லூரிகளைப் பெருக்குமாறு பரிந்துரைத்தது.

அவை பெருகிய காலத்திலேயே நிலவியலும் புத்துருப் பெற்றது. கண்டங்கள் நகர்கின்றன என 1912-இல் உரைத்த ஜெர்மானியர் வெக்னரை அறிஞர் பலர் எள்ளினர். 1930-இல் அவர் கிரீன்லாந்துப் பனிவெளியில் மாண்டார். கடலடிப் பாறைகளில் மாறிமாறிப் பதிந்திருந்த காந்தத் திசைகள் கடற்றளம் விரிவதைக் காட்டுகின்றன என, 1963-இல் வைனும் மேத்யூசும் விளக்கினர். வெக்னரின் கருத்து உயிர்பெற்றது.

அறிஞர் அவை மறுத்த அவ்வுண்மையை, பகலில் உழைத்து மாலையில் பயிலும் தொழிலாளி இன்று தொடக்கப் பாடத்திலேயே கற்கிறார். அறிவு மெய்ப்பிக்கப்படுவது பாதி வெற்றியே. எளியோரை எட்டுவதன்றோ முழு வெற்றி!