நாய்களுக்காகக் கேட்ட மன்னிப்பு

2024 நவம்பர் 23. கனடாவின் வடக்கே நுனாவிக் பிரதேசத்தில் காங்கிக்சுயுவாக் என்று ஒரு சின்ன ஊர். அங்கே கூடியிருந்த இனுயிட் மக்களிடம் கனேடிய அரசின் சார்பில் ஒரு அமைச்சர் மன்னிப்புக் கேட்டார். 1950களிலும் 60களிலும் அவர்களுடைய சறுக்குவண்டி நாய்கள் கொல்லப்பட்டதற்கான மன்னிப்பு அது. கூடவே 45 மில்லியன் டொலர் இழப்பீடும் அறிவிக்கப்பட்டது.

அந்த அமைச்சரின் பெயர் கரி ஆனந்தசங்கரி. யாழ்ப்பாணத்தில் பிறந்து, சின்ன வயதில் கனடா போனவர். அவருடைய தகப்பன் வீ. ஆனந்தசங்கரி 1970இலும் 1977இலும் எங்கட கிளிநொச்சித் தொகுதியில் இருந்து நாடாளுமன்றம் போனவர்.

இந்தச் செய்தியை வாசித்தபோது எங்களில் சிலருக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. நாய்க்குப் போய் ஒரு அரசாங்கம் மன்னிப்புக் கேட்குமா? இந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் அந்த நாயின் வரலாற்றைப் படிக்கத் தொடங்கினோம்.

இனுயிட் மொழியில் அந்த நாய்க்குப் பெயர் கிம்மிக். ஏறத்தாழ ஆயிரம் வருடங்களுக்கு முன் இனுயிட் மக்களின் முன்னோர் அலாஸ்காப் பக்கமிருந்து கிழக்கே பரவியபோது, அவர்களோடு நடந்து வந்த இனம். குளிர்காலத்தில் உறைந்த கடலின் மேல் வண்டி இழுக்கும். பனிக்கு அடியில் சீல் மூச்சுவிட வரும் துவாரத்தை மணந்து காட்டும். பனிக்கரடி வந்தால் சுற்றிவளைத்து நிற்கும். கோடையில் முதுகில் பொதி சுமக்கும். வண்டியில் ஒவ்வொரு நாய்க்கும் தனித்தனிக் கயிறு. விசிறி மாதிரி விரிந்து ஓடும். பனியில் வெடிப்பு வந்தால் ஒவ்வொன்றும் தன் பாட்டில் தாண்டலாம். அதாவது, நாய் இருந்தால்தான் வேட்டை, வேட்டை இருந்தால்தான் சாப்பாடு.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அந்த மக்களை நிரந்தரக் குடியிருப்புகளுக்குள் கொண்டுவந்தார்கள். பள்ளிக்கூடம், வைத்தியசாலை, கடை எல்லாம் ஒரே இடத்தில். அங்கே நாயைக் கட்டிவைக்க வேண்டும் என்று தெற்கில் எழுதிய சட்டம் சொன்னது. கட்டாமல் வளர்ந்தால்தான் நாய் நல்லாப் பழகும் என்பது இனுயிட் மக்களின் அறிவு. அவிழ்ந்து திரிந்த நாய்களைப் பொலிஸார் சுட்டார்கள். நுனாவிக்கில் மட்டும் ஆயிரத்துக்கும் மேல் என்று 2010இல் நீதிபதி க்ரோட்டோ தன் அறிக்கையில் எழுதினார். நாய் போனதும் வேட்டைக்குப் போக வழியில்லை. வேட்டைக்காரர் கடைச் சாமானுக்கும் அரசாங்க உதவிக்கும் காத்திருப்பவர் ஆனார்.

அதே பனிநாய்க் குடும்பத்தில் இன்னொன்று அலாஸ்கன் மலமியூட். மாலமியூட் என்ற இனுயிட் பிரிவினர் வளர்த்ததால் வந்த பெயர். ஆண் நாய் ஏறத்தாழ 38 கிலோ, பெண் 34 கிலோ. வேகத்துக்கு அல்ல, பாரம் இழுக்கப் பிறந்தது. குரைப்பது குறைவு, ஊளையிடுவதுதான் கூட. ஆட்களோடு நல்ல வாரப்பாடு. ஆனால் பிடிவாதம் உண்டு, சொன்னதை உடனே செய்யாது. கோழி, ஆடு கண்டால் துரத்தும். வேலை இல்லாவிட்டால் முற்றம் முழுக்கக் குழி தோண்டும்.

எங்கட வயதுக்காரர் பலருக்கு இந்த மலமியூட், ஹஸ்கி மேல் ஆசை. ஆசைப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அவற்றுக்கு இரண்டு அடுக்கு மயிர், பூச்சியத்துக்குக் கீழே போகும் குளிருக்காக உருவானது. நாய் எங்களைப் போல் உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். சோளகம் அடிக்கிற ஆடி வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே கட்டிவைத்தால் அது உயிருக்கே ஆபத்து. மயிரை ஒட்ட வெட்டுவதும் தீர்வில்லை. வெயில் நேரே தோலில் விழும். அதிகாலை ஓட்டம், நாள் முழுக்க நிழலும் தண்ணீரும், தினமும் மயிர் வாருதல் எல்லாம் வேணும். இதற்கு வசதி இல்லை என்றால் படத்தில் பார்த்து ரசிப்பதே அதற்குச் செய்யும் நன்மை.

இனி எங்கட நாய்க்கு வருவோம். வன்னியில் நாய் என்றால் வயல் காவல், இரவில் யானையோ பன்றியோ வந்தால் முதல் சத்தம். அதற்கு இனப்பெயர் இல்லை, மணியோ வீமனோ என்று ஒரு கூப்பிடு பெயர் மட்டும். 2008 கடைசியிலும் 2009 தொடக்கத்திலும் கிளிநொச்சி வெறுமையானபோது உழவு இயந்திரப் பெட்டியில் பாத்திரம், பாய், நெல்மூட்டை, கிழவி, பிள்ளை எல்லாம் ஏறியது. நாய் ஏறவில்லை. சிலது பின்னால் ஓடி வந்தது, சிலது வாசலிலேயே நின்றது. செட்டிகுளம் முகாமுக்குள் போனவர்களோடு அந்த நாய்கள் போகவில்லை.

இரண்டு கதையும் ஒன்று என்று நாங்கள் சொல்லவில்லை. அங்கே நாயைத் தேடிச் சுட்டார்கள். இங்கே ஆட்களே செத்தார்கள். அதனால்தான் எங்கட வீடுகளில் நாயைப் பற்றிப் பேசவே கூச்சம். பிள்ளையைப் பறிகொடுத்த அடுத்த வீட்டுக்காரருக்கு முன்னால் எந்த வாயால் மணியைப் பற்றிச் சொல்லுவது? அந்தக் கூச்சத்தை மதிக்கிறோம். ஆனால் இனுயிட் முதியவர்கள் நாயைப் பற்றித் திரும்பத் திரும்பச் சொன்னபோதுதான், ஒரு மக்களின் நடமாட்டமும் சாப்பாடும் மானமும் எப்படிப் பறிபோனது என்று மற்றவர்களுக்கு விளங்கியது. அவர்களுடைய சாட்சியங்களை எடுத்து எழுதியபடியால்தான், அறுபது வருடம் கழித்தாவது ஒரு அமைச்சர் அங்கே வந்து நிற்க வேண்டியிருந்தது.

நீங்கள் வீட்டுக்குப் போனால் அம்மம்மாவிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: "இடம்பெயர முன்னம் எங்கட வீட்டு நாய்க்கு என்ன பெயர்?" பெயரைச் சொல்லிவிட்டுக் கொஞ்சம் பேசாமல் இருப்பா. அவசரப்படுத்தாதீங்கோ. பிறகு சொல்லுவதை எழுதி வையுங்கள்.