அன்லிமிடெட்டுக்கு லிமிட் வந்த கதை

செல்போன் விளம்பரங்களில் "அன்லிமிடெட்" என்று கொட்டை எழுத்தில் போட்டு, பக்கத்தில் குட்டியாக ஒரு நட்சத்திரக் குறி வைத்திருப்பார்கள். அந்த நட்சத்திரத்துக்கும் ஒரு வரலாறு உண்டு.

2005ல் பிஎஸ்என்எல்லின் டேட்டாஒன் பிராட்பேண்ட் வந்தது. வேகம் 256 கேபிபிஎஸ்! மலிவான திட்டங்களில் மாதத்துக்கு இத்தனை எம்பி அல்லது ஜிபி என்று கணக்கு. தாண்டினால் ஒவ்வொரு எம்பிக்கும் காசு. ஆனால் சில திட்டங்களில் இரவு 2 மணியிலிருந்து காலை 8 மணி வரை எவ்வளவு இறக்கினாலும் கணக்கில் வராது. அலாரம் வைத்து எழுந்து டவுன்லோடு போட்டுவிட்டுத் தூங்கிய தலைமுறை அது.

மொபைலில் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு ஞாபகம் வருவது ஏர்செல்லின் 98 ரூபாய் பாக்கெட் இன்டர்நெட். 2ஜி ஆமை வேகம்தான், ஆனாலும் ஒரு மாதம் கவலையில்லை. 2010ல் 3ஜி ஏலம் நடந்தது. கம்பெனிகள் கட்ட வேண்டியிருந்த தொகை மொத்தம் சுமார் 67,700 கோடி ரூபாய். போட்ட பணத்தை எடுக்க வேண்டாமா? "நியாயமான பயன்பாட்டுக் கொள்கை" என்ற பெயரில் வரம்பு பரவியது. வரம்பு தாண்டினால் இணைப்பு நிற்காது, நகரவும் நகராது.

அமெரிக்காவிலும் இதே கதைதான். 2010 ஜூனில் ஏடி&டி புதிய வாடிக்கையாளர்களுக்கு 30 டாலர் அன்லிமிடெட் திட்டத்தை நிறுத்தி, 25 டாலருக்கு 2 ஜிபி என்றது. அடுத்த ஆண்டு வெரைசானும் அதே வழியில் போனது.

2016 செப்டம்பர் 5ல் ஜியோ வந்தது. இலவசம், தினம் 4 ஜிபி! 2017 ஜனவரி 1 முதல் அது 1 ஜிபி ஆனது. அதற்கு மேல் 128 கேபிபிஎஸ். இன்று நாடே பழகிவிட்ட "ஒரு நாளைக்கு இத்தனை ஜிபி" என்ற கணக்கு பரவியது அப்போதுதான். 2024 ஜூலையில் அன்லிமிடெட் 5ஜியும் தினம் 2 ஜிபிக்குக் குறையாத திட்டங்களுக்கு மட்டும் என்றானது.

கம்பெனிகள் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஒரு டவரின் கொள்ளளவை அங்குள்ள எல்லாரும் பங்கு போட்டுத்தான் பயன்படுத்துகிறார்கள். ஆனால் நெரிசல் அதிகம் வருவது சாயங்காலமும் இரவிலும்தான். டவர் சும்மா கிடக்கும் விடியற்காலை 3 மணிக்கு ஒருவர் 1 ஜிபி இறக்கினால் கம்பெனிக்குக் கூடுதல் செலவு அநேகமாக இல்லை. பெரும்பாலான திட்டங்களில் தினசரி வரம்பு இந்த வித்தியாசத்தைப் பார்ப்பதில்லை. மீதம் வைத்ததும் பெரும்பாலும் நள்ளிரவில் காலாவதியாகிவிடுகிறது.

இரும்பை மாதிரி ஒரு கிராமத்தில் செல்போனை மட்டும் நம்பிப் படிக்கும் மாணவனுக்கு இது சின்ன விஷயமில்லை. ஒரே நாளில் மூன்று வகுப்பு வீடியோ பார்க்க வேண்டியிருந்தால், நேற்று மிச்சப்படுத்திய ஜிபி உதவாது. தனியாக டாப்-அப் போட வேண்டும்.

அந்த விதத்தில், இரவு 2 மணிக்குக் கதவைத் திறந்துவிட்ட பழைய பிஎஸ்என்எல் திட்டம் இன்றைய திட்டங்களைவிட நேர்மையானது. நெரிசலுக்குத்தான் விலை என்று அது வெளிப்படையாகச் சொன்னது.