லாரி டிரைவர் லைசென்ஸ்... போட்டோ முதல் க்யூஆர் கோடு வரை கவனிக்க வேண்டியவை!

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலைகளுக்குப் பச்சைத்தோல், உப்பு, ஆசிட் என ஏதாவதொரு லோடு வந்துகொண்டே இருக்கும். "லைசென்ஸ்தான் பாக்கெட்ல இருக்கே, அப்புறம் என்ன?" என்கிறீர்களா? அந்த கார்டை ஒருமுறை முன்னும் பின்னும் திருப்பிப் பாருங்கள்.

போட்டோ

ஆர்.டி.ஓ. ஆபீஸிலேயே கேமராவில் எடுப்பார்கள். தொப்பி, கூலிங்கிளாஸ் வேண்டாம். முகம் முழுசா தெரியணும். பழைய போட்டோவில் ஆளே மாறிப்போயிருந்தால், 'சாரதி' இணையதளத்தில் பயோமெட்ரிக் மாற்றத்துக்கு விண்ணப்பிக்கலாம். 2024 பிப்ரவரி முதல் தமிழ்நாட்டில் லைசென்ஸ் ஸ்பீடு போஸ்ட்டில்தான் வருகிறது. எனவே, முகவரி சரியாக இருக்க வேண்டும்.

ஒரிஜினலா, போலியா?

2019 அக்டோபர் 1 முதல் நாடு முழுக்க ஒரே மாதிரி கார்டு. பின்னிப் பிணைந்த வளைகோடுகள், லென்ஸ் வைத்தால் மட்டும் படிக்க முடிகிற நுண்ணெழுத்து, புற ஊதா வெளிச்சத்தில் ஒளிரும் மை, ஹாலோகிராம், க்யூஆர் கோடு ஆகியவை இதன் பாதுகாப்பு அம்சங்கள். கலர் ஜெராக்ஸில் நுண்ணெழுத்து கலங்கிவிடும்.

ஆனாலும் கார்டை மட்டும் பார்த்து நம்ப வேண்டாம். டிரைவரை வேலைக்குச் சேர்க்கும் ஓனர்கள், 'பரிவாகன்' தளத்தில் லைசென்ஸ் எண்ணையும் பிறந்த தேதியையும் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. எண்ணின் தொடக்கமே லைசென்ஸ் கொடுத்த ஆபீஸைச் சொல்லிவிடும். டி.என்.23 வேலூர், 73 ராணிப்பேட்டை, 83 வாணியம்பாடி.

எந்தத் தேதி முக்கியம்?

கார்டில் 'என்.டி.', 'டி.ஆர்.' என இரண்டு காலாவதி தேதிகள் இருக்கும். முதலாவது சொந்த வண்டிக்கு. இரண்டாவதுதான் சரக்கு வண்டிக்கு. அது 5 வருஷம்தான். காலாவதியாகி ஒரு வருஷம் தாண்டினால், மறுபடி டெஸ்ட் ஓட்டிக் காட்ட வேண்டியிருக்கும்.

ஆசிட் லோடு ஏற்றுகிறீர்களா?

தோல் பதனிடப் பயன்படும் கந்தக அமிலம், ஃபார்மிக் அமிலம் எல்லாம் அபாயகரமான சரக்கு. இதற்கு 3 நாள் பயிற்சி முடித்து, லைசென்ஸில் தனியாகப் பதிவு வாங்க வேண்டும். 3 வருஷம் செல்லும். புதுப்பிக்க ஒருநாள் பயிற்சி உண்டு.

இந்தப் பதிவு இல்லாமலோ போலி லைசென்ஸோடோ விபத்து நடந்தால், பாதிக்கப்பட்டவருக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி இழப்பீடு கொடுத்தாலும், அந்தத் தொகையை வண்டி ஓனரிடம் வசூலிக்க வாய்ப்பு உண்டு. ஒரு விபத்தில் லாரியையே விற்க நேரலாம். லோடு ஏற்றும் முன்பு, ஒரு நிமிஷம் கார்டைப் பாருங்க!