மலத்தில் இரத்தம் என்றாலே மூலம் அல்ல: குடல் அழற்சி நோயாளிகளும் குடும்பத்தாரும் அறிய வேண்டியவை

மலத்தில் இரத்தம் கண்டால் நம்மவர்களில் பலர் முதலில் சொல்வது “உடம்புச் சூடு”. அடுத்துச் சொல்வது “மூலம்”. இளநீர் குடிப்பார்கள், வெந்தயம் ஊறவைத்துச் சாப்பிடுவார்கள், மருந்துக் கடையில் களிம்பு வாங்கிப் பூசுவார்கள். வெட்கத்தில் வீட்டிலும் சொல்ல மாட்டார்கள். இப்படியே மாதங்கள் ஓடிவிடும்.

அது மூலமாகவே இருக்கலாம். ஆனால் இரத்தத்தோடு சளியும் போகிறது, வயிற்றோட்டம் வாரக்கணக்கில் நிற்கவில்லை, இரவில் தூக்கத்திலிருந்து எழுந்து ஓட வேண்டியிருக்கிறது, எடை குறைகிறது என்றால் அது நாட்பட்ட குடல் அழற்சி நோயாக இருக்கக்கூடும். இந்த நோய் மலேசியாவில் மற்ற இனத்தவரைவிட இந்தியர்களிடம் அதிகம் காணப்படுகிறது என்பதால், நாம் இதைத் தெரிந்து வைத்திருப்பது அவசியம்.

கிந்தா பள்ளத்தாக்கு காட்டிய கணக்கு

நமது அண்டை மாநிலமான பேராக்கின் கிந்தா பள்ளத்தாக்கில் இந்நோய் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று மருத்துவர்கள் கணக்கெடுத்தார்கள். மலேசியாவில் இப்படி எடுக்கப்பட்ட முதல் கணக்கு அதுதான். 2015-இல் வெளியான அந்த ஆய்வின்படி, மலாய்க்காரரிலும் சீனரிலும் 1 லட்சம் பேரில் ஏறத்தாழ 7 பேருக்கு இந்நோய் இருந்தது. இந்தியரில் 1 லட்சம் பேரில் ஏறத்தாழ 25 பேருக்கு இருந்தது.

1 லட்சத்துக்கு 25 என்பது சிறிய எண்தான். வயிற்றுவலி வந்தவர்கள் எல்லாம் பயப்படத் தேவையில்லை. ஆனால் மூன்று மடங்குக்கும் மேலான இந்த வேறுபாட்டைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவும் முடியாது. இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் குடியேறிய தெற்காசியரிடமும் பெருங்குடல் அழற்சி உள்ளூர் வெள்ளையரைவிட அதிகமாக இருப்பதை 1990-களில் அங்குள்ள மருத்துவர்கள் கண்டார்கள். பரம்பரைக் கூறு, குடலில் வாழும் நுண்ணுயிர்கள், மாறிவிட்ட உணவும் வாழ்க்கை முறையும் என்று பல காரணங்கள் சேர்ந்து இந்நோயை உண்டாக்குவதாகக் கருதப்படுகிறது.

இது என்ன நோய்?

கிருமிகளோடு போராட வேண்டிய உடலின் எதிர்ப்பு சக்தி, தன் குடலையே தாக்கிப் புண்ணாக்குவதுதான் குடல் அழற்சி நோய். இதில் இரண்டு வகை உண்டு.

முதலாவது அல்சரேட்டிவ் கோலைட்டிஸ். இது பெருங்குடலை மட்டுமே பாதிக்கும். ஆசனவாயிலுக்கு அருகில் தொடங்கி மேல்நோக்கிப் பரவும். இரத்தமும் சளியும் கலந்த வயிற்றோட்டமே முக்கிய அறிகுறி.

இரண்டாவது குரோன் நோய். 1932-இல் நியூயார்க் மருத்துவர் பர்ரில் குரோனும் அவருடைய சகாக்களும் இதை விவரித்து எழுதியதால் அவருடைய பெயர் நிலைத்துவிட்டது. வாய் முதல் ஆசனவாய் வரை எங்கும் வரலாம் என்றாலும், சிறுகுடலின் கடைசிப் பகுதியில்தான் அதிகம் வரும். வயிற்றுவலி, எடை இழப்பு, காய்ச்சல், இரத்தசோகை, ஆசனவாயைச் சுற்றிச் சீழ்க்கட்டி ஆகியவை இதன் அறிகுறிகள். இரத்தம் போகாமலும் இருக்கலாம்.

இரண்டும் பெரும்பாலும் இளவயதில், 15 முதல் 35 வயதுக்குள் தொடங்குகின்றன. இவை தொற்றுநோய் அல்ல. ஒரே தட்டில் சாப்பிட்டாலும் ஒட்டாது. மிளகாய் தின்றதால் வந்ததும் அல்ல. மூட்டுவலி, கண் சிவப்பு, வாய்ப்புண், தோலில் வலியுள்ள கட்டிகள் ஆகியவையும் கூடவே வரலாம்.

ஐ.பி.எஸ். எனப்படும் குடல் எரிச்சல் கோளாறு வேறு. அதிலும் வயிற்றுவலியும் வயிற்றோட்டமும் உண்டு. ஆனால் குடலில் புண் இருக்காது, இரத்தம் போகாது, எடை குறையாது.

எங்கே போவது? என்ன சொல்வது?

முதலில் அருகிலுள்ள கிளினிக் கெசிஹாத்தானுக்குச் செல்லுங்கள். அங்கே வெட்கப்பட்டு “வயிறு சரியில்லை” என்று மட்டும் சொன்னால் வயிற்றோட்ட மாத்திரையோடு திரும்ப வேண்டியதுதான். “சாயா பெராக் பெர்டாரா, சுடா எனாம் மிங்கு” என்று நேராகச் சொல்லுங்கள். எத்தனை வாரமாக, நாளுக்கு எத்தனை முறை, இரவில் எழுகிறீர்களா, எத்தனை கிலோ குறைந்தது என்பதை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோனால் இன்னும் நல்லது.

அங்கிருந்து பரிந்துரைக் கடிதத்துடன் பினாங்கு பொது மருத்துவமனை அல்லது செபராங் ஜெயா மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். இரத்தம், மலம் ஆகியவற்றைச் சோதித்த பிறகு கொலோனோஸ்கோப்பி செய்வார்கள். கேமரா பொருத்திய மெல்லிய குழாயை ஆசனவாய் வழியாகச் செலுத்திக் குடலைப் பார்த்து, சிறு திசு மாதிரி எடுப்பதுதான் அது. முதல் நாள் குடலைச் சுத்தப்படுத்தும் மருந்தைக் குடிப்பதுதான் சிரமம். சோதனையின்போது மயக்க ஊசி போடுவது வழக்கம் என்பதால், திரும்பி வரும்போது துணைக்கு ஒருவர் வேண்டும். வண்டி ஓட்டக் கூடாது.

நம் நாட்டில் காசநோய் இன்னும் இருக்கிறது. குடலில் வரும் காசநோயும் குரோன் நோயும் பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருக்கும். குரோன் நோய்க்குத் தரும் மருந்து காசநோயைத் தீவிரமாக்கிவிடும். அதனால்தான் மருத்துவர் அவசரப்படாமல் பல சோதனைகள் செய்கிறார். “இன்னும் கண்டுபிடிக்கவில்லை” என்று சலித்து நடுவில் நிறுத்திவிடாதீர்கள்.

மருந்து: இரத்தம் நின்றதும் நிறுத்துவதே பெரிய ஆபத்து

இந்நோயை முற்றாக ஒழிக்கும் மருந்து இல்லை. ஆனால் வருடக்கணக்கில் அடக்கி வைக்க முடியும். நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் தொடர்ந்து மருந்து சாப்பிடுவதைப் போலத்தான் இதுவும்.

மெசலாசின், சல்பாசலாசின்: அல்சரேட்டிவ் கோலைட்டிஸுக்கு முதலில் தரும் மருந்துகள். சல்பாசலாசின் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகலாம், பயப்பட வேண்டாம். ஆண்களுக்கு விந்தணு எண்ணிக்கை குறையலாம். மருந்தை மாற்றினால் அது சரியாகிவிடும். சிலருக்கு ஆசனவாய் வழியாக வைக்கும் மருந்தும் தருவார்கள். கூச்சத்தால் அதைத் தவிர்க்காதீர்கள். அது புண் இருக்கும் இடத்துக்கே நேராகச் செல்லும்.

ஸ்டீராய்டு: தீவிர நிலையைச் சீக்கிரம் அடக்கும். ஆனால் முகம் உப்பும், எலும்பு மெலியும், சர்க்கரை ஏறும். நீரிழிவு உள்ளவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இதைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. மருத்துவர் சொன்னபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

அசாதயோப்ரின்: பலன் தெரிய 2, 3 மாதம் ஆகும். ஆசிய மக்களில் சிலருக்கு, பிறப்பிலேயே உள்ள மரபணு வேறுபாட்டால், இம்மருந்து வெள்ளை அணுக்களை அளவுக்கு மீறிக் குறைத்துவிடும். தொடக்க வாரங்களில் அடிக்கடி இரத்தம் எடுப்பது இதற்காகத்தான். அந்தத் தேதிகளைத் தவறவிடாதீர்கள்.

இன்ஃப்ளிக்சிமாப், அடாலிமுமாப்: மற்ற மருந்துகளுக்கு அடங்காதபோது தரும் விலை உயர்ந்த ஊசி மருந்துகள். தொடங்கும் முன் காசநோய்க்கும் ஹெப்படைடிஸ் பி-க்கும் சோதனை செய்வார்கள்.

பலர் இரத்தம் நின்று 2 மாதம் நன்றாக இருந்தால் “குணமாகிவிட்டது” என்று மாத்திரையை ஓரம் கட்டிவிடுகிறார்கள். வெளியே அறிகுறி இல்லாமல் உள்ளே புண் இருக்கலாம். பல ஆண்டுகள் அடங்காத அழற்சி பெருங்குடல் புற்றுநோயின் அபாயத்தைக் கூட்டும். அதனால்தான் பெருங்குடல் பாதிப்பு உள்ளவர்களுக்கு, நோய் தொடங்கி ஏறத்தாழ 8 ஆண்டு ஆனதும் கண்காணிப்பு கொலோனோஸ்கோப்பியைத் தொடங்குகிறார்கள்.

மாதந்தோறும் தீவுக்கு வந்து மருந்து வாங்குவது நிபோங் திபால், சுங்கை பாக்காப் பக்கம் இருப்பவர்களுக்குச் சிரமம்தான். மருத்துவமனை மருந்தகத்தில் “எஸ்.பி.யூ.பி.” என்று கேளுங்கள். தொடர் மருந்தை உங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள அரசாங்க மருத்துவமனையிலோ கிளினிக்கிலோ பெற்றுக்கொள்ளும் ஏற்பாடு அது.

கடையில் வாங்கும் வலி மாத்திரையிலும் கவனம் வேண்டும். பொன்ஸ்டான், வோல்டரன் போன்றவை நோயைக் கிளப்பிவிடலாம். சாதாரண வலிக்குப் பனடோல் பாதுகாப்பானது. “ஒரே வாரத்தில் குணம்” என்று விற்கும் பதிவில்லாத ஜாமு, மூலிகைப் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. பெட்டியில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண் இல்லையென்றால் தொடாதீர்கள். புகைப்பது குரோன் நோயை மோசமாக்கும்.

சாப்பாடு

எல்லாருக்கும் பொருந்தும் பத்தியம் எதுவும் கிடையாது. நோய் அடங்கியிருக்கும்போது வீட்டில் சமைப்பதையே சாப்பிடலாம். நோய் கிளம்பும்போது குழைந்த சோறு, கஞ்சி, இட்லி, இடியாப்பம், தெளிந்த இரசம், வேகவைத்த கேரட், முட்டை, மீன் ஆகியவை வயிற்றுக்கு இதம். நாசி கண்டார் குழம்பும் சம்பாலும் புண்ணை உண்டாக்குவதில்லை என்றாலும், அந்த நாட்களில் அவசரத்தைக் கூட்டும். பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குத் தயிரும் மோரும் ஒத்துக்கொள்ளலாம்.

குரோன் நோயால் குடல் சுருங்கியவர்கள் முருங்கைக்காய்ச் சக்கை, சோளம், கொட்டைகள் போன்ற நார் மிகுந்தவற்றைத் தவிர்க்க வேண்டும். வயிற்றோட்டம் அதிகமானால் வெறும் நீர் போதாது. உப்பும் சர்க்கரையும் கலந்த ஓ.ஆர்.எஸ். பொட்டலம் வீட்டில் இருக்கட்டும். பயந்து எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டால் உடல் மெலிந்துவிடும். இரும்புச்சத்தும் குறையும்.

வேலையும் பயணமும்

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் லைனில் நிற்பவருக்கும், தோட்டத்தில் வெளிக்காட்டில் வேலை செய்பவருக்கும் கழிப்பறைக்கு உடனே போக முடியாததுதான் பெரிய துன்பம். நோயின் பெயரையும், அவசரமாகக் கழிப்பறைக்குச் செல்ல நேரிடும் என்பதையும் குறிப்பிட்டு மருத்துவரிடம் ஒரு கடிதம் கேட்டு வாங்கி மேலாளரிடம் கொடுங்கள். ஷிப்டு மாறினாலும் மருந்து நேரம் மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி சம்பளத்துடன் கூடிய மருத்துவ விடுப்பு உங்கள் உரிமை. 2 ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள், 2 முதல் 5 ஆண்டுக்குள் 18 நாள், அதற்கு மேல் 22 நாள். மருத்துவமனையில் தங்க நேர்ந்தால் 60 நாள் வரை உண்டு. நோயால் நிரந்தரமாக வேலை செய்ய முடியாத நிலை வந்தால், சந்தா செலுத்தியவர்கள் சொக்சோவின் உடல் இயலாமை ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கலாம்.

பாலத்தைக் கடப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. முதல் பாலம் 13.5 கிலோமீட்டர், இரண்டாவது பாலம் 24 கிலோமீட்டர். நடுவில் கழிப்பறை இல்லை. நெரிசல் நேரத்தைத் தவிர்த்து, ஏறும் முன்பே எண்ணெய் நிலையத்தில் போய்விட்டு வருவது நல்லது. ஒரு மாற்று உடை, ஈரத்தாள், பிளாஸ்டிக் பை ஆகியவை எப்போதும் கைப்பையில் இருக்கட்டும்.

விரதம், திருமணம், பிள்ளைப்பேறு

தைப்பூசத்துக்குச் சைவ விரதம் இருப்பதில் தடையில்லை. ஆனால் ஒருவேளை உணவோடு இருப்பது, வெயிலில் நடந்து தண்ணீர்மலைப் படிகளை ஏறுவது ஆகியவற்றை நோய் கிளம்பியிருக்கும் ஆண்டில் தள்ளிவைப்பது நல்லது. ஸ்டீராய்டை வெறும் வயிற்றில் சாப்பிடக் கூடாது.

இந்நோய் உள்ளவர்கள் திருமணம் செய்துகொள்ளலாம், பிள்ளை பெறலாம். இவர்களுடைய பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு இந்நோய் வருவதில்லை. நோய் அடங்கியிருக்கும்போது கருத்தரிப்பதே நல்லது. கர்ப்பம் தெரிந்ததும் தானாக மருந்தை நிறுத்திவிடும் பெண்கள் உண்டு. அப்போது கிளம்பும் நோய்தான் தாய்க்கும் சேய்க்கும் ஆபத்து. பெரும்பாலான மருந்துகளைத் தொடரலாம். மெதோட்ரெக்சேட்டை முன்பே நிறுத்தியாக வேண்டும். திட்டமிடும்போதே மருத்துவரிடம் பேசுங்கள்.

எப்போது அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டும்?

நாளொன்றுக்கு 6 முறை அல்லது அதற்கு மேல் இரத்தத்தோடு வெளிக்குப் போவது, அதோடு 37.8 பாகைக்கு மேல் காய்ச்சல் அல்லது நிமிடத்துக்கு 90-க்கு மேல் நாடித்துடிப்பு; வயிறு உப்பிக் கல்லாக இறுகுவது; வாந்தியோடு மலமும் காற்றும் நின்றுபோவது; தலைசுற்றி விழுவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 999-ஐ அழையுங்கள்.

வீட்டில் ஒருவர் அடிக்கடி கழிப்பறைக்குப் போவதையும் மெலிந்து வருவதையும் முதலில் கவனிப்பது பெரும்பாலும் அம்மாவோ மனைவியோதான். கேலி செய்யாமல், “இரத்தம் போகிறதா?” என்று தனியாக ஒருமுறை கேளுங்கள். ஆமாம் என்றால் அடுத்த நாள் காலையிலேயே கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள்.